மெண்டோசா மாகாணத்தைப் புரிந்துகொள்ள ஆற்றைப் பிடித்துப் போங்கள்

அர்ஜென்டினாவின் மெண்டோசாவைப் பற்றிப் படிக்கப் போகிறீர்களா? முதலில் வரைபடத்தின் மேற்கு ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் ஆண்டிஸ் மலையும் 6,961 மீட்டர் உயர அகோன்காகுவா சிகரமும் இருக்கின்றன. பசிபிக்கின் ஈரக்காற்று சிலி பக்கமே கொட்டித் தீர்த்துவிடுவதால் இந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான். கிட்டத்தட்ட பாலைவனம்.

அப்புறம் வைனுக்குப் பேர்போன இந்த மாகாணத்தில் எப்படி இவ்வளவு திராட்சை விளைகிறது? மலைப்பனி உருகி இறங்கும் மெண்டோசா, துனுயான், தியமான்டே, அத்துவெல் ஆறுகளை விரலால் தொடர்ந்து போங்கள், பச்சைத் திட்டுகள் அவற்றை ஒட்டியே இருக்கும். மாகாணப் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான அந்தத் திட்டுகளில்தான் பெரும்பாலான மக்கள் வாழ்கிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே வார்ப்பே பழங்குடியினர் அங்கே வாய்க்கால் வெட்டிவிட்டார்கள், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்! மாகாணத் தலைநகரின் தெருவோர மரங்களுக்கு இன்றும் அசேக்கியா எனும் வாய்க்கால்களில்தான் தண்ணீர் ஓடுகிறது.

சரி, பொருளாதாரம். நாட்டின் வைனில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது, மால்பெக் திராட்சைதான் அதில் பெரிய பெயர். ஆனால் அதோடு நிறுத்தாமல் பூண்டு, ஆலிவ், தெற்கே மலார்குவே பக்கத்து எண்ணெய்க் கிணறுகள், லுஹான் தே குயோ சுத்திகரிப்பு ஆலை என்று எல்லாவற்றையும் அதே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.