நானோ பொடியை முதல்முறை எடை போடப் போகிறீர்களா?

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக ஐஐஎஸ்சி, ஜக்கூர் ஜேஎன்சிஏஎஸ்ஆர் போன்ற ஆய்வு நிறுவனங்களுக்கு ஊரிலிருந்து பெங்களூரு வருகிற தம்பி தங்கைகள் லேப்பில் பயப்படுவது ஆசிடுக்குத்தான். ஆசிட் பெரும்பாலும் பட்டதுமே தெரிந்துவிடும். நானோ பொடி மூக்கில் ஏறினால் ஒன்றுமே தெரியாது. 100 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவான துகள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கும். அதே பொடி திரவத்தில் கலந்துவிட்டால் எளிதில் பறக்காது. ஆகவே டப்பாவைத் திறப்பதிலிருந்து பொடி நனையும் வரையிலான அந்தச் சில நிமிடங்களைத்தான் கவனமாகக் கடக்க வேண்டும்.

முதலில், படியுங்கள். பொடியோடு வரும் பாதுகாப்புத் தாளைச் (எஸ்.டி.எஸ்.) சும்மா புரட்டாதீர்கள். பல தாள்களில் சாதாரணப் பொடியின் விவரமே நானோ பொடிக்கும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 2011-இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம். அதன் நானோ அளவுத் துகளுக்கு வெறும் 0.3. கார்பன் நானோகுழாய்க்கு (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) 2013-இல் சொன்னது 1 மைக்ரோகிராம்! திரவத்தில் கலந்தே விற்கிறார்களா என்றும் கைடிடம் கேளுங்கள். கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

உடுப்பு. முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ, லேப் கோட், பாதுகாப்புக் கண்ணாடி. நைட்ரைல் கிளவுஸ் இரண்டு ஜோடி. வெளி ஜோடி கோட்டின் கைநுனியை மூட வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க் இதற்கு உதவாது, என்95 வேண்டும். தாடி வைத்திருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும். தாடியா, நுரையீரலா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஃபியூம் ஹுட், அதாவது காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும் கண்ணாடிக் கதவுள்ள கூண்டு. பெங்களூரு காற்று சுகமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறந்து வைக்கும் லேப்கள் உண்டு. சாத்துங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள். ஹுட்டின் வாசலில் ஒரு டிஷ்யூ கீற்றைப் பிடித்துப் பாருங்கள், உள்பக்கமாகச் சாய வேண்டும். வாசலில் காற்று நொடிக்கு அரை மீட்டர் போல ஓடினால் போதும். அதிக வேகமும் ஆகாது, பொடியையே கிளப்பிவிடும். கண்ணாடிக் கதவை இறக்கி, ஒரு சாண் உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள்.

எடை. சிக்கல் இங்கேதான். தராசை ஹுட்டுக்குள் வைத்தால் காற்றோட்டத்தில் எண் நிற்காமல் ஆடும். வெளியே வைத்துப் பொடியை அள்ளினால் பறக்கும். வழி இருக்கிறது: மூடியோடு ஒரு காலி வயலை (vial, சிறு குப்பி) வெளியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஹுட்டுக்குள் கொண்டுபோய், ஸ்பேட்டுலாவால் (சிறு கரண்டி) கொஞ்சம் பொடி போட்டு, மூடி, வெளிப்புறத்தை ஈர டிஷ்யூவால் துடைத்து, வெளியே வந்து திரும்ப எடை போடுங்கள். வித்தியாசம்தான் பொடியின் எடை. சரியாக 20 மில்லிகிராம் வேண்டுமென்று உள்ளேயும் வெளியேயும் அலையாதீர்கள். 23 வந்தால் கரைப்பானின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் இங்கே காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது பிளாஸ்டிக் தட்டில் பொடியைக் கொட்டினால் நிலைமின்சாரத்தில் துள்ளி விளிம்பில் ஏறி ஒட்டும், சில சமயம் கிளவுஸுக்கே தாவும். கண்ணாடி வயலே நல்லது.

நனைத்தல். திரவத்தைப் பொடியின் தலையில் ஊற்றாமல், வயலின் சுவரோரமாக வழிய விடுங்கள். அப்புறம் மூடிவிட்டுத்தான் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் பொடியைத் திரவத்தில் கலக்கும் கருவி) வைக்க வேண்டும். திறந்திருந்தால் பொடி நுண்சாரலோடு வெளியேறும். அலுமினியம், மெக்னீசியம் மாதிரி உலோகப் பொடிகளுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். அவை தீப்பிடிப்பவை, தண்ணீரோடும் வினைபுரியும். சீனியர் கூட இருக்க, கிளவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) செய்யுங்கள்.

சுத்தம். துடைப்பம், ஊதுவது இரண்டும் கூடாது. ஈர டிஷ்யூவால் ஒரே திசையில் துடைத்து, டிஷ்யூவையும் வெளிக் கிளவுஸையும் ஹுட்டுக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போடுங்கள். மிச்சத் திரவத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள். பையில் பொருளின் பெயர், ‘நானோ’ என்ற சொல், தேதி மூன்றையும் எழுதுங்கள். கன்னடத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லி யாரையாவது கேளுங்கள். காலையில் குப்பை எடுக்க வரும் அக்காவிடம், இந்தப் பையைத் தொட வேண்டாமென்று நேரிலும் சொல்லிவிடுங்கள்.