புரோட்டான் மோதல் தரவில் துகள்களை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம், புரோட்டான் மோதல்களைப் பதிவுசெய்யும் சி.எம்.எஸ். உணர்கருவியின் தரவை 2014 முதல் பொதுவில் திறந்து வைத்திருப்பதால், சென்னையில் மடிக்கணினி வைத்திருக்கும் இயற்பியல் மாணவர் எவரும் இன்று புரோட்டான் மோதல்களில் பிறந்த துகள்களை எண்ணிப் பார்க்கலாம். அப்படி எண்ணுபவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு, வரைபடத்தில் தெரியும் எண்ணிக்கையையே உற்பத்தியான எண்ணிக்கையாகக் கொள்வது.

இரண்டு மியூவான்களாக (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) சிதையும் ஜே-சை என்ற குறுகிய ஆயுள் துகளை எடுத்துக்கொள்வோம். மியூவான் இணைகளின் நிறை வரைபடத்தில் ஜே-சை காட்டும் முகட்டுப் பகுதியில் 400 நிகழ்வுகள், அவற்றுள் பின்னணி (ஜே-சையிலிருந்து வராத இணைகள்) 100 என்றால், மிஞ்சும் 300-க்கு வர்க்கமூலம் எடுத்துப் பிழையை 17 என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணியது 400 ஆதலால் பிழை 20-இலிருந்து தொடங்க வேண்டும். பின்னணி மதிப்பீட்டின் பிழையும் அதோடு சேர வேண்டும். அடுத்து, கருவியின் எல்லைக்குள் விழுந்து பதிவாகும் வாய்ப்பு 20 சதவீதமானால், 300 என்பது 1,500 ஆகிறது. ஜே-சை மியூவான் இணையாகச் சிதைவது ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே என்பதால், உண்மையில் பிறந்தவை சுமார் 25,000. இதை லூமினாசிட்டியால் (எவ்வளவு மோதல் தரவு திரட்டப்பட்டது என்பதன் அளவு) வகுத்தால்தான் குறுக்குவெட்டு, அதாவது துகள் உற்பத்தியாகும் வாய்ப்பின் அளவு, கிடைக்கும். எந்த நிகழ்வைச் சேமிப்பது என உடனுக்குடன் முடிவுசெய்யும் ட்ரிக்கர் அமைப்பு பத்து நிகழ்வுகளில் ஒன்றை மட்டும் சேமித்திருந்தால் லூமினாசிட்டியையும் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதை மறப்பவர்களின் விடை பத்து மடங்கு பிசகுகிறது.

நிறையில் வரும் பிழைகள் நுட்பமானவை. தரமணியில் ஒரு மாணவி தன் வரைபடத்தில் முகடு 3.089 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் நிற்பதைக் காட்டி, உணர்கருவியின் அளவுதிருத்தமே தவறு என்று உறுதியாகச் சொன்னார். சரியான மதிப்பு 3.097. நிரலை வரிவரியாகப் பார்த்தபோது, மியூவானின் 0.106 கிகா எலக்ட்ரான்வோல்ட் நிறையைச் சுழி எனக் கொண்டிருந்தது தெரிந்தது. 91 கிகா எலக்ட்ரான்வோல்ட் கொண்ட இசட் துகளுக்கு இந்தத் தோராயம் தீங்கில்லாதது. ஜே-சையில் அதுவே 7 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறையாமல் முகட்டை நகர்த்துகிறது. முகட்டின் அகலத்தைத் துகளின் ஆயுளோடு இணைப்பதும் தவறு: ஆயுளைப் பொறுத்து அமையும் ஜே-சையின் இயல்பான அகலம் 0.1 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவு, நாம் காண்பது பெரும்பாலும் கருவியின் பகுதிறன், அதாவது அதன் அளவீட்டுத் துல்லியத்தின் வரம்பு.

தரவைப் பார்த்த பிறகு எந்த நிகழ்வுகளை எண்ணுவது என்ற தேர்வு வரம்புகளை மாற்றுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். முறையாக நடந்த ஆய்விலும் தற்செயல் ஏற்றம் வரும்: 2015 டிசம்பரில் செர்னின் மற்றோர் உணர்கருவியான அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டும் 750 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே அறிவித்த இரு-ஃபோட்டான் மேடு, 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் கரைந்தது. எத்தனை இடங்களில் மேடு தேடினோம் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் அதன் புள்ளியியல் முக்கியத்துவத்தை (அது தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு குறைவு என்பதை) எழுதக் கூடாது.