யாழ்ப்பாணத்தில் தனியே தங்கிச் சமைத்துச் சாப்பிட வருகிறீர்களா? மூத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுபதைத் தாண்டியவர்கள் தனியாக யாழ்ப்பாணம் வந்து, ஓட்டலில் அறை எடுக்காமல் குசினியுடன் கூடிய வீடாகப் பார்த்துத் தங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. உறவினர் வீட்டில் இறங்கினால் அவர்களுக்குச் சிரமம். கடைச் சாப்பாட்டின் உறைப்பும் எண்ணெயும் ஒத்துக்கொள்வதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று பத்தியம் வேறு. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். வீடு தேடும் விதத்தில்தான் பிழை விடுகிறார்கள்.

பெரிய பிழை, ஆளில்லாத தனி வீடே பாதுகாப்பு என்று எண்ணுவது. “முழு வீடும் உங்களுக்கே, ஒருவருடைய தொல்லையும் இல்லை” என்ற விளம்பரத்தில் மயங்கிவிடுகிறார்கள். அத்தகைய வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். தொலைபேசியில் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் இரவு 11 மணிக்குத் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டால், அவர் அங்கிருந்து என்ன செய்வார்? திறப்பு யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை வீடு தள்ளி இருக்கிறார், இரவில் அழைத்தால் எடுப்பாரா என்று கேட்டு, முற்பணம் அனுப்புவதற்கு முன்பே அவரோடு ஒருமுறை பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டுக்காரக் குடும்பம் அதே வளவுக்குள் குடியிருக்க, தனி வாசலும் தனிக் குசினியும் கொண்ட அனெக்ஸ்தான் தனியாக வருபவருக்குப் பொருத்தம். காலை 8 மணியாகியும் யன்னல் திறக்கவில்லை என்றால், “என்ன அன்ரி, சுகமில்லையா?” என்று கதவைத் தட்ட அங்கே ஓர் ஆள் இருக்கும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று விடுப்புப் பார்ப்பார்கள்தான். பார்க்கட்டுமே. எழுபது வயதில் அது காப்புறுதி எடுத்ததற்குச் சமம்.

“நல்லூர் கோயிலுக்கு அருகில்” என்ற ஒரு வரியை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. கோயிலுக்கு அருகில்தான் இருக்கும். ஆனால் ஒழுங்கைக்குள் ஒழுங்கை திரும்பி, தெருவிளக்கு இல்லாத முடுக்கில் இருக்கும். பொழுதுபட்டால் தெருநாய்கள் கூட்டமாக நிற்கும். பகலில் வரைபடத்தில் பார்த்தால் இவை ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரரிடம் மாலை 7 மணிக்குப் பிறகு வீடியோ அழைப்பு எடுத்து, பிரதான வீதியிலிருந்து கேற் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். மனம் வைத்து வாடகைக்கு விடுபவர் நடந்து காட்டுவார். “எல்லாம் இருக்கிறது அம்மா, நீங்கள் வாருங்கள்” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்பவரை விட்டுவிடலாம். போதனா வைத்தியசாலை நகரின் நடுவில், பஸ் நிலையத்திற்குப் பக்கத்தில் இருக்கிறது. இருதய வருத்தம் உள்ளவர்கள் கடற்காற்றுக்காகத் தொலைவில் வீடு எடுப்பதைவிட நகரத்துக்குள்ளும் சுண்டுக்குளி, கந்தர்மடம், நல்லூர்ப் பக்கங்களிலும் பார்ப்பது நல்லது. மரக்கறிக்குத் திருநெல்வேலிச் சந்தை, மீனுக்குப் பாசையூர் அல்லது குருநகர். எல்லாமே ஓட்டோவில் சிறிது தூரம்தான்.

நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பதே பெரும்பாடு. கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களை மறித்தும்விடுவார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டிவரும் என்று கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். இன்னொன்று, மச்சம். கோயிலை அண்டிய பல வீடுகளில் திருவிழா முடியும்வரை மீனும் இறைச்சியும் அடுப்பில் ஏறாது. ஆண்டு முழுவதும் சைவமாகவே இருக்கும் வீடுகளும் உண்டு. மீன் வாங்கி வந்தபிறகு முகம் கறுப்பதைவிட முதலிலேயே கேட்டுவிடலாம்.

இனி, குசினி. சமையல் வசதி உண்டு என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் ஒரு மின்கேத்தலும் இரண்டு கோப்பையும் இருக்கும். அடுப்பு, சட்டி, கத்தி, குளிர்சாதனப் பெட்டி ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்சுலின் வைத்திருப்பவருக்குக் குளிர்சாதனப் பெட்டி கட்டாயம். அது பொதுவானதா, தனியானதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எரிவாயு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகளை மறக்க முடியாது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படியும். அதனால் மூடிய அலுமாரிக்குள் சிலிண்டரை வைத்து, யன்னலையும் அடைத்திருக்கும் குசினி வேண்டவே வேண்டாம். வந்த அன்றே ரெகுலேட்டர் மூட்டிலும் குழாயிலும் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அடுப்பை மூட்டக்கூடாது. குழாயை மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா என்றும் கவனியுங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் நிரம்பியிருந்தால் மொத்த எடை 20 கிலோவைத் தாண்டும். அதை நீங்கள் தூக்க முடியாது. எரிவாயு தீர்ந்தால் யார் சிலிண்டரை மாற்றித் தருவார் என்று கேட்டு வையுங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளின் கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர நைத்திரேற்று போகாது. கரையோரக் கிணறுகள் சில உவர். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர் அல்லது நைத்திரேற்றையும் நீக்கும் RO வடிகட்டியில் வடித்த நீர், குளிக்கக் கிணற்று நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறைக்குப் படி எத்தனை, பிடிமானம் உண்டா, கொமட்டா குந்துகிற மலசலகூடமா, வீட்டுக்குள்ளா வெளியிலா? முழங்கால் நோவு உள்ளவருக்கு இந்த நான்கு கேள்வியே போதும். மாரியில் வருபவர்கள் யன்னலுக்கு நுளம்பு வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். மழையோடு டெங்கும் வரும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் விடியுமுன்பே இங்கே இறக்கிவிடுவார்கள். அறையோ பிற்பகல்தான் தருவார்கள். இருட்டில் கேற்றடியில் பெட்டியோடு நிற்காமல் பகல் ரயிலில் வருவதே மேல்.

வீடு கையில் கிடைக்கும் முதல் நாளே வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. அழைத்தால் முதலில் கேட்பது இடத்தைத்தான். பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938.

பணத்தை முழுவதுமாக முன்கூட்டி அனுப்பாதீர்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த இடமா என்று கேளுங்கள். ஒரு மாதம் தங்குவதாக இருந்தாலும் முதலில் மூன்று இரவுக்கு மட்டும் எடுங்கள். நித்திரை வருகிறதா, குசினி சரியா, வீட்டுக்காரர் எப்படி என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு வாரக் கணக்கில் கொடுக்கலாமா என்று பேசிப் பார்க்கலாம்.