பூனை செய்த சேதமும் பக்கத்து வீட்டு மனத்தாங்கலும்: செட்டிநாட்டு வீடுகளில் பேசித் தீர்க்கும் முறை

செட்டிநாட்டு ஊர்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. காரைக்குடியிலோ, தேவகோட்டையிலோ, பள்ளத்தூரிலோ ஒரு வீட்டின் ஓட்டுக்கூரையில் ஏறிய பூனை, தரையில் கால் வைக்காமலே தெருவின் கடைசி வீடு வரை போய்வர முடியும். வழியில் வடகம் காயும் மாடி, கோழி மேயும் பின்கட்டு, சேலை உலரும் கொடி, கட்டுமானத்திற்குக் கொட்டிய மணல், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் முற்றம் எல்லாம் அதற்குத் திறந்தே இருக்கின்றன. ஆகவே இங்கே பூனை வளர்ப்பவர், அக்கம்பக்கத்தாரின் பொறுமையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார். சேதம் நேர்ந்தால் இழந்தவரும் பூனைக்காரரும் என்ன செய்ய வேண்டும் என்பதை இருவருக்குமாக எழுதுகிறேன். பெரும்பாலும் இழப்பு சிறியதாகவே இருக்கிறது. முதல் நாளில் வாய் தவறி வரும் இரண்டு சொற்கள்தாம் அதை ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பகையாக வளர்க்கின்றன.

செய்தது பூனைதானா?

இந்தக் கேள்வியை இழந்தவர் முதலில் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வளர்ந்த வீட்டுப் பூனை ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ எடைதான் இருக்கும். அது நடப்பதால் நல்ல நிலையில் உள்ள ஓடு உடைவதில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட ஓடும், பிடிப்பு விட்டு நகர்ந்திருக்கும் ஓடும், இரவில் இரண்டு கடுவன் பூனைகள் கட்டிப் புரளும்போது சரியலாம். ஒரே நாளில் பல ஓடுகள் பெயர்த்துப் போடப்பட்டிருந்தால் குரங்குக் கூட்டம் வந்து போனதா என்று விசாரியுங்கள். பழைய வீடுகளின் கூரையடியில் மரநாய் குடியிருப்பதும் நம் ஊர்களில் புதிதல்ல. அதன் எச்சத்தில் பழக்கொட்டைகள் கிடக்கும்; பூனையோ மண் கிடைத்தால் தன் கழிவை மூடிவிட்டுப் போகும். பகல் வெளிச்சத்தில் திறந்த வெளியிலிருந்து கோழிக்குஞ்சு காணாமற்போனால் பருந்தையும் கீரியையும் கணக்கில் எடுக்காமல் பூனைமேல் பழி போடுவது நியாயமாகாது.

சேதத்தைக் கூட்டிப் பெருக்கும் முன்பே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கிட்டத்தில் ஒன்று, இடம் முழுவதும் தெரியும்படி ஒன்று, கால்தடம் இருந்தால் அதையும் ஒன்று எடுத்தால் போதும். காவலுக்காகக் கேமரா வைத்திருக்கும் வீடுகள் இப்போது தெருவுக்கு இரண்டு மூன்றாவது இருக்கின்றன. பழைய பதிவுகள் சில நாள்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால் அன்றே கேட்டுப் பாருங்கள்.

போய்ச் சொல்வது எப்படி?

நேரில், தனியாக, அன்றே அல்லது மறுநாளே போங்கள். வேலையாள் மூலம் சொல்லி அனுப்புவதும், தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடுவதும் பேச்சைத் தொடங்கும் முன்பே அவமானத்தை உண்டாக்கிவிடும். சமையல் நேரத்தைத் தவிர்த்து, மாலையில் திண்ணையிலோ முகப்பிலோ அவர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பொழுதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பேச்சு நடந்ததிலிருந்து தொடங்கி, இனி என்ன செய்யலாம் என்பதில் முடிய வேண்டும்.

"ஆச்சி, நேத்து மாடியில காயப்போட்ட கூழ்வடகத்தைப் பூனை மிதிச்சிருச்சு. படம் எடுத்து வச்சிருக்கேன், பாருங்க. இனிமே வராம இருக்க நாம என்ன செய்யலாம்னு கேக்கத்தான் வந்தேன்."

இவ்வளவு போதும். போன வருஷம் வாசலில் வண்டி நிறுத்தியதையும், பொதுச்சுவரில் தண்ணீர் கசிந்ததையும் இதோடு சேர்க்க வேண்டாம்.

பூனைக்காரர் சொல்லக்கூடாத ஒன்று உண்டு: "எங்க பூனை அப்படிச் செய்யாது." கண்ணால் பார்க்காத ஒன்றை மறுப்பது, வந்தவரைப் பொய்யர் என்று சொல்வதற்குச் சமம். "அப்படியாண்ணே? கஷ்டமாத்தான் இருக்கு. இருங்க, நானே வந்து பாத்துர்றேன்" என்று சொல்லி உடனே எழுந்து போய்ப் பார்ப்பதே முறை. பார்ப்பது பொறுப்பை ஒப்புக்கொள்வது ஆகாது. சேதம் வேறு ஒன்றின் வேலை என்று தெரிந்தால் அதையும் அந்த இடத்திலேயே, சான்றைக் காட்டிப் பேச முடியும்.

"நான் சோறு மட்டும்தான் வைக்கிறேன், அது என் பூனை இல்லை" என்ற பதிலும் அடிக்கடி வருகிறது. நாள்தோறும் உணவு வைத்து, குட்டி போட இடமும் கொடுப்பவர், அதன் சேதத்திலும் பங்கேற்பதே நேர்மை என்பது என் கருத்து. என்றோ ஒருநாள் மீன் தலையைப் போட்டவரை அப்படிச் சொல்ல முடியாது.

எதற்கு எவ்வளவு?

பூனை மிதித்த வடகத்தையும் வற்றலையும் உண்ண முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரே தெருவில் இருப்பவரிடம் வடகத்திற்குப் பணம் நீட்டினால் பலருக்கு மனம் சுருங்கிவிடும். அரிசியும் ஜவ்வரிசியும் வாங்கிக் கொடுத்து, அடுத்த முறை பிழியும்போது கூட நின்று உதவுவதே இங்கே எடுபடுகிறது. கண்டாங்கிச் சேலையில் நகம் பட்டு இழை இழுத்திருந்தால், தறி நெய்பவரிடமோ இழை ஓட்டத் தெரிந்தவரிடமோ காட்டிச் செலவைக் கேளுங்கள். சீராக்க முடியும் என்றால் அந்தக் கூலியும், முடியாது என்றால் சேலையின் பழமையைக் கழித்த மதிப்பும் நியாயமானவை.

கோழிக்குஞ்சில்தான் பேச்சு அதிகம் தடிக்கிறது. "அது வளர்ந்திருந்தால் எத்தனை முட்டை இட்டிருக்கும்" என்று கணக்குப் போடத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. அந்த வயதுக் குஞ்சுக்கு அந்த வாரச் சந்தையில் என்ன விலையோ அதைக் கொடுப்பது, அல்லது அதே வயதுக் குஞ்சை வாங்கிக் கொடுப்பது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடு, சுவர், மரம் ஆகிய மூன்றிலும் அவசரம் கூடாது. நாட்டு ஓட்டின் அளவும் வளைவும் பொருந்தாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். ஆகவே பிரித்த வீடுகளின் பழைய ஓடு தேடி, ஓடு மாற்றிப் பழகிய கொத்தனாரைக் கொண்டு வேய வேண்டும். கூரை பல ஆண்டு பராமரிப்பின்றிக் கிடந்தால் முழுச் செலவையும் பூனைக்காரர் தலையில் கட்டுவது சரியன்று. சரிந்த பகுதிக்கான ஓடும் அன்றைய கூலியும் அவருடையவை, பழமையால் வந்த மற்ற வேலை வீட்டுக்காரருடையது. மெருகேற்றிய பழைய சுண்ணாம்புப் பூச்சில் நகக்கீறல் விழுந்திருந்தால் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே வேண்டும். சிமெண்ட் ஒட்டு ஈரத்தைச் சுவருக்குள்ளேயே தேக்கி, சுற்றியுள்ள நல்ல பூச்சையும் உதிரச் செய்துவிடும். தேக்கு நிலையிலும் கதவிலும் உள்ள மேலோட்டமான கீறலை ஆசாரி தேய்த்து மெருகிட்டுச் சரிசெய்துவிடுவார்.

பூட்டிய வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடாக அது இருக்கும். ஒருவர் சென்னையிலும் ஒருவர் மலேசியாவிலும் இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பணம் கொடுத்துவிட்டு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவருக்கு உங்களை விடுவிக்கும் உரிமை கிடையாது. பராமரிப்பைக் கவனிக்கும் பங்காளி யார் என்று கேட்டு, அவருக்குப் படங்களோடு செய்தி அனுப்பி, மற்றவர்களுக்கும் அவரே தெரிவித்துவிட்டதாக எழுத்தில் ஒரு வரி பெற்றுக்கொள்ளுங்கள்.

கடியும் கீறலும்

யாரையாவது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, பேச்சு எல்லாம் பிறகு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். வெறிநோய் பூனையாலும் பரவும். நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பூனைக்காரர் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே போவது, அந்த வீட்டாருக்கு எந்தப் பணத்தையும்விடப் பெரிய ஆறுதல்.

மீண்டும் நேராமல்

பூனைக்காரர் செய்யக்கூடியவற்றில் தலையாயது கருத்தடை. ஐந்தாறு மாத வயதிலேயே செய்துவிடலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான் என்பதால், செய்யாவிட்டால் ஒரே ஆண்டில் பக்கத்து வீட்டுக் கூரையடி முழுவதும் குட்டிகளாகிவிடும். கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றலும், சண்டையும், கதவிலும் தூணிலும் மூத்திரம் பீய்ச்சும் பழக்கமும் வெகுவாகக் குறையும். அறுவை செய்யும் நாளை அரசு கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போடுங்கள். இரவு உணவை நேரம் தவறாமல் உள்ளே வைத்து, பொழுது சாய்ந்ததும் இரண்டாங்கட்டிலோ ஓர் அறையிலோ அடைத்துப் பழக்கினால், சேதம் மிகுதியாக நிகழும் நேரம் கைக்குள் வந்துவிடும். உங்கள் வீட்டிலேயே ஒரு தொட்டியில் மணல் வைத்து நாள்தோறும் அள்ளி அப்புறப்படுத்தினால் பக்கத்து வீட்டு மணற்குவியல் தப்பும்.

பக்கத்து வீட்டார் தங்கள் பங்குக்கு வடகத்தின்மேல் பழைய கொசுவலையை விரித்து ஓரங்களில் கல் வைக்கலாம், குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கலாம், கருவாட்டையும் மீன் கழிவையும் மூடி வைக்கலாம், மாடிக்கு ஏணியாக இருக்கும் மரக்கிளையைக் கழிக்கலாம். அந்துருண்டையும் பினாயிலும் போட்டு விரட்ட வேண்டாம். அவை பூனைக்கு நஞ்சு, தவழும் குழந்தைக்கும் நஞ்சு.

சட்டம் எங்கே நிற்கிறது?

பூனை செய்த சேதத்திற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. மேய்ச்சல் மாட்டைப் பட்டியில் அடைக்க வழிசெய்யும் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின் பட்டியலில் யானை முதல் ஆட்டுக்குட்டி வரை இருக்கின்றன, பூனை இல்லை. பக்கிள் எதிர் ஹோம்ஸ் வழக்கில், புறாக்களையும் கோழிகளையும் கொன்ற பூனையின் உரிமையாளர் பொறுப்பாளியல்லர் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1926இல் தீர்த்தது. பூனை அலைவது அதன் இயல்பு என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், உரிமையாளரின் கவனக்குறைவையோ தொடர்ந்த தொல்லையையோ மெய்ப்பித்தால்தான் ஈடு கேட்க முடியும் என்ற அளவில் இழந்தவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பூனைக்குத் தீங்கு செய்தால் நிலைமை தலைகீழாகிவிடும். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி, விலங்கைக் கொல்வதும், நஞ்சிடுவதும், ஊனப்படுத்துவதும் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டிக் கண்காணாத இடத்தில் பட்டினி கிடக்கும்படி விட்டுவருவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி அதன் உரிமையாளருக்கே குற்றம். பாதிக்கப்பட்டவராக இருந்தவர் ஆத்திரத்தில் குற்றவாளியாவது இந்த இடத்தில்தான்.

இருவரும் பேசி ஒத்துவராவிட்டால், இரு வீட்டுக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை நடுவில் வையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் மனு கொடுக்கலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இடம் தருகிறது. அங்கே கட்டணம் இல்லை; இருவரும் ஒத்துக்கொண்ட முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.

ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்த நிலையில் முடிந்தாலும் அதை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அதன் வாசகம் இப்படி இருக்கலாம்: "இன்ன தேதியில் இன்னார் வீட்டுப் பின்கட்டுக் கூரையில் நேர்ந்த சேதத்திற்கு ஓடும் கொத்தனார் கூலியுமாக இவ்வளவு ரூபாய் இன்றைய தேதியில் பெற்றுக்கொள்ளப்பட்டது. இந்தச் சேதம் குறித்து இனிக் கோரிக்கை இல்லை. பூனைக்கு இன்ன மாதத்திற்குள் கருத்தடை செய்யப்படும். இரவில் வீட்டுக்குள் வைக்கப்படும். மீண்டும் சேதம் நேர்ந்தால் ஒரு நாளுக்குள் நேரில் தெரிவித்துக்கொள்வோம்." குற்றம், மன்னிப்பு என்ற சொற்கள் இந்தத் தாளில் தேவையில்லை, அவற்றை வாயால் சொல்லிக்கொள்வதே நல்லது.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியில் ஒருநாள் இருவரும் சேர்ந்து இரண்டு வீட்டுக் கூரைகளையும் பார்த்துப் படம் எடுத்து, அந்தத் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஓடு சரிந்தால், அது பழைய சரிவா புதிய சரிவா என்பதை அந்தப் படங்களை வைத்தே தீர்மானித்துக்கொள்ளலாம்.