பற்றை வெட்டும் முன் கத்தியைப் பார்த்து எடுங்கள்

மட்டக்களப்பின் உன்னிச்சை, குடும்பிமலைப் பக்கம் மாரி முடிந்ததும் ஒற்றையடிப் பாதைகளைப் பற்றை மூடிவிடும். கத்தி எடுக்கும் முன், நிற்பது என்ன பற்றை என்று பாருங்கள். புல், கொடி, நாயுண்ணிச் செடியின் இளந்தண்டு என்றால் மெல்லிய நீளக் கத்தி போதும். வீச்சு வேகத்திலேயே அறுந்து விழும். பெருவிரலை விடத் தடித்த விடத்தல் முட்செடித் தண்டில் அதே கத்தி துள்ளித் திரும்பும். அதற்கு முனை வளைந்த, பாரமான காட்டுக்கத்திதான் சரி. கோடரி வேண்டாம், வளையும் தண்டில் வழுக்கும். சூரை முள்ளைக் கவைத்தடியால் ஒதுக்கிப் பிடித்து அடியில் வெட்டுங்கள்.

கம்மாலையில் (கொல்லன் பட்டறையில்) வாங்கினால், லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தியைக் கேளுங்கள். கூர் நின்று பிடிக்கும். பிடியில் பூண் (உலோக வளையம்) இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். இது முக்கியம், தளர்ந்த பிடியிலிருந்து அலகு கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. கைக்கும் அளவாக இருக்கட்டும். தடித்த பிடி அரை மணித்தியாலத்தில் உள்ளங்கையைக் கொப்பளிக்க வைக்கும்.

அப்புறம், தண்டைச் சாய்த்து வெட்டி விடாதீர்கள். மிஞ்சும் கட்டை ஈட்டி போல நிற்கும், இலை மூடினால் கண்ணுக்குத் தெரியாது, பாட்டாச் செருப்பைத் துளைத்துவிடும். நிலத்தோடு ஒட்ட, மட்டமாக வெட்டுங்கள்.