மிஒதொஸு: பார்வை தவறவிட்டது

ஜப்பானிய மொழியில் ‘கவனிக்காமல் விட்டேன்’ என்பதற்கு முக்கியமாக மூன்று வினைகள் உண்டு. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்ச நிலையான என்1-க்குப் படித்தபோது மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை நோட்டில் எழுதிவைத்துத் திண்டாடினேன். தமிழில் யோசித்த பிறகுதான் பிடிபட்டது.

மிஒதொஸுவில் ‘மி’ பார்ப்பது, ‘ஒதொஸு’ கீழே விழ விடுவது. பர்ஸ் தொலைந்தால் ‘ஸைஃபு ஒ ஒதொஷிதா’ என்பார்கள். நாமும் ‘பர்ஸைத் தவறவிட்டேன்’ என்கிறோமே, அதேதான்! பர்ஸை யாரும் வேண்டுமென்று தவறவிடுவதில்லை. மிஒதொஸுவிலும் வேண்டுமென்றே என்பது கிடையாது. எழுத்துப்பிழை, படிவத்தில் ஒரு வரி, சாலையோரப் பலகை என்று கண்முன் இருந்தும் விட்டுப்போனவற்றுக்கு இதைப் போடுங்கள்.

மினொகஸு கொஞ்சம் வில்லங்கம். ‘நொகஸு’ என்றால் தப்பவிடுவது. டிவி நிகழ்ச்சி தவறிப்போனாலும் மினொகஸு; தெரிந்தே ஒருவரைப் ‘போனால் போகட்டும்’ என்று விட்டாலும் மினொகஸு. பேஸ்பாலில் மட்டையை வீசாமல் மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்தை, பார்த்துக்கொண்டே நின்று அவுட்டாவது ‘மினொகஷி ஸன்ஷின்’. அந்த ஆட்டக்காரரை மனதில் நிறுத்தினால் சொல் மறக்காது.

மிஸுகொஸுவை ‘மிஸுகொஸெனாய்’ என்ற எதிர்மறையோடு சேர்த்தே படியுங்கள்: பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நான் பாடம் கற்றது அலுவலகத்தில். டெஸ்ட் அறிக்கையில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அனுப்பிவிட்டு, ‘கிஸுகிமஸென் தெஷிதா’ (கவனிக்கவில்லை; வினை ‘கிஸுகு’) என்று மெயில் எழுதினேன். ‘எனக்குத் தெரியவில்லை என்று கைகழுவுவதுபோல் இருக்கிறது’ என்று சொல்லி, மூத்தவர் அதை ‘மிஒதொஷிதே ஒரிமஷிதா’ (பார்வையில் தவறவிட்டிருந்தேன்) என்று மாற்றினார். தவறு என் பார்வையில்தான் என்று அந்த வினையே ஒப்புக்கொள்கிறது. மினொகஸு போட்டிருந்தால், தெரிந்தே விட்டாயா என்ற கேள்விக்கு இடம் இருந்திருக்கும்.

இன்னொரு வழுக்கல், உருபு. தமிழில் ‘பிழையைக் கவனிக்கவில்லை’, ‘பிழையைத் தவறவிட்டேன்’, இரண்டிலும் ‘ஐ’தான். அங்கே மிஒதொஸுவுக்கு ‘ஒ’, கிஸுகுவுக்கு ‘நி’. நான் இன்றும் சில நேரம் மாற்றிப் போடுகிறேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தூங்கப்போகும் முன் அன்று தவறவிட்ட ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். காதால் தவறவிட்டதற்கு ‘கிகிமொரஸு’; ‘மொரஸு’ என்றால் ஒழுகவிடுவது. நேற்று நான் எழுதியது அதுதான்: ரயிலில் நடைமேடை மாற்ற அறிவிப்பு, காதில் பாட்டு.