'ரு' வந்தால் என்ன பாடுவது?

ஒசாகாவில் நண்பர்களோடு கரோக்கே போனால் கடைசியில் சிரிதோரிதான். அந்தாக்ஷரி மாதிரி, ஆனால் கணக்கு பாட்டின் தலைப்புக்கு மட்டும். முந்தைய தலைப்பு முடியும் எழுத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். 'ன்' என்று முடித்தால் அவுட்.

ஒருமுறை எனக்கு முந்தையவர் 2023-இல் வந்த 'ஐடொரு'வைப் பாடிவிட்டு மைக்கை நீட்டினார். எனக்கு 'ரு'! ஜப்பானியத்தின் சொந்தச் சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை (நம் தமிழும் அப்படித்தானே). யோசித்து யோசித்து 'ரூஜு நோ தெங்கொன்' கிடைத்தது. பெருமையாகத் திரையில் தட்டினேன். எல்லாரும் சிரித்த பிறகுதான் கடைசி 'ன்' உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு பட்டியல் போட்டேன். முதலெழுத்து மட்டும் போதாது, முடியும் எழுத்தையும் பக்கத்திலேயே குறித்தேன். 'ரு'வுக்கு 1981-இன் 'ருபீ நோ யுபிவா', முடிவு 'வா', பிழைத்தோம். 'ரி'க்கு 'ரிந்தா ரிந்தா', முடிவு 'தா'. 'ரொபின்சொன்', 'லெமொன்' இரண்டும் எனக்கு உயிர், ஆனாலும் அடித்துவிட்டேன். தலைப்பு காஞ்சியில் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில்) இருந்தால் உச்சரிப்பைக் கானாவில் (ஜப்பானிய ஒலியெழுத்துகளில்) எழுதிக்கொள்வேன், இல்லாவிட்டால் அவசரத்தில் தப்பாக வாசிப்பேன். அப்புறம், நீட்டல் குறியில் (உயிரொலியை நீட்டும் 'ー' கோட்டில்) முடியும் தலைப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். சிலர் நீட்டலை விட்டுவிடுவார்கள், சிலர் அந்த உயிரொலியையே கேட்பார்கள். சண்டை வருவது இங்கேதான்.

போன வாரம் எனக்கு 'அ' வந்தது. கானாவில் 'ஐடொரு'வை 'அ-இ-டொ-ரு' என்றுதான் எழுதுவார்கள். சரி என்று அதை நானே பாடிவிட்டு, மைக்கை நீட்டினேன்.